'நீங்கலாக' என்னும் சொல்: இறுதிக்காலப் பராமரிப்பும் சட்டங்களும்

சிங்கப்பூரில் இன்றும் புதிய உடல்களை ஏற்கும் ஒரே பொது இடுகாடு சுவா சூ காங்கில் உள்ளது. அங்கு ஓர் உடல் மண்ணில் இருக்கத்தக்க காலத்தையும் விதி வரையறுக்கிறது: 15 ஆண்டுகள். இறந்தோர்க்கு இத்துணைத் தெளிவாக விதி வகுத்த நாடு, இறக்கும் தறுவாயில் இருப்போர்க்கு எதை வகுத்தது?

சைனாடவுனின் சேகோ சந்தில் ஒருகாலத்தில் 'சாவு வீடுகள்' இருந்தன. நெரிசலான கடைவீடுகளில் வாழ்ந்த சீனத் தொழிலாளர் பலர் தம் இறுதி நாள்களை அங்குக் கழித்தனர். 1961இல் அவை தடைசெய்யப்பட்டன. அதற்கு 24 ஆண்டுகளுக்குப் பின்னர், 1985இல், கனோசியக் கன்னியர் தம் முதியோர் இல்லத்தில் 16 படுக்கைகளை இறுதிநிலை நோயாளிகளுக்கு ஒதுக்கினர். அவ்வழியைத் திறந்தது சட்டமன்று, தொண்டே.

1996இல் இயற்றப்பட்ட முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம், இறப்பை நீட்டிக்க மட்டுமே பயன்படும் அசாதாரணச் சிகிச்சையை மறுக்கும் உரிமையை அளித்தது. அச்சிகிச்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு 'நீங்கலாக' என்று அது விலக்கு அளிக்கிறது. அதாவது, உயிர்காக்கும் கருவியை மறுத்தவருக்கும் வலிநீக்கம் மறுக்கப்படாது. ஆயினும் அப்பராமரிப்பைப் பெறும் உரிமையை அச்சொல் வழங்கவில்லை. தைவான் 2000இல் இயற்றிய சட்டமோ பராமரிப்பைத் தன் பெயரிலேயே தாங்கியது.

இந்தியாவின் வரலாறு வேறு. போதைப்பொருளைத் தடுக்க எழுந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம், பல உரிமங்களைக் கோரியதால், புற்றுநோயாளிக்கு வேண்டிய மார்ஃபினையும் எட்டாப் பொருளாக்கியது. 2014இல் வந்த திருத்தமே அம்முடிச்சைத் தளர்த்தியது. இதற்கிடையில், 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய தொண்டியக்கத்தின் வழிவந்த கேரளம், 2008இல் தனிக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியே செவிலியரை நோயாளியின் இல்லத்திற்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இப்பராமரிப்பை வீட்டிற்குக் கொண்டுசென்றது. கண்ணியமாக இறக்கும் உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. அதற்கான முறைகள் 2023இல் எளிதாக்கப்பட்டன.

இவற்றை ஒப்பிடுகையில் ஓர் உண்மை புலப்படுகிறது. சிகிச்சையை மறுக்கும் உரிமையை ஏட்டில் எழுதுவது எளிது. வலியின்றி இருக்கும் நிலையை வழங்குவதற்கு மருந்தும் செவிலியரும் பொருளும் வேண்டும். மருத்துவமனையில் நிகழும் இறப்புகளை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்கச் சிங்கப்பூர் இலக்கு வகுத்துள்ளது. அவ்விலக்கு நிறைவேற வேண்டிய இடம் வீடு. ஆகவே, பெற்றோரின் விருப்பத்தை அவர்கள் பேசக்கூடிய காலத்திலேயே கேட்டறிவது நம் கடமையாகிறது.