லூசினும் பெல்லாக்ராவும்

நியாசின் என்னும் பி3 வைட்டமின் குறைவால் வரும் நோய் பெல்லாக்ரா. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்துத் தடித்து உரியும், வயிற்றுப்போக்கு நீடிக்கும், முற்றினால் சித்தம் கலங்கும், கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் காசால் 1735இல் இதை விவரித்தார். மக்காச்சோளத்தையே நம்பிப் பிழைத்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளை இது வாட்டியது. தொற்றுநோய் அன்று, உணவுக்குறையால் வருவது என்பதை ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் மேற்கொண்ட ஆய்வுகளில் காட்டினார். நாய்களுக்கு வரும் இதையொத்த கருநாக்கு நோயை நிகோட்டினிக் அமிலம் (நியாசின்) குணப்படுத்துவதை 1937இல் கான்ராட் எல்வேஜம் கண்டார். மக்காச்சோளத்திலுள்ள நியாசின் உடலில் எளிதில் சேராதபடி பிணைந்திருக்கிறது. உடல் நியாசினாக மாற்றிக்கொள்ளும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. நோய்க்கான விளக்கம் இவ்வாறு அமைந்தது.

இந்த விளக்கத்துக்குள் தக்காணம் அடங்கவில்லை. அங்கே நோயுற்றவர்கள் மக்காச்சோளம் உண்டவர்கள் அல்லர். சோளம் உண்ட ஏழை உழைப்பாளிகள். சோளத்தில் டிரிப்டோபான் அவ்வளவு குறைவில்லை. பிறகு ஏன் இந்த நோய்? சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன் இக்கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டார். குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவுடன் இரு தானியங்களையும் ஒப்பிட்டபோது ஒரு பொதுத்தன்மை புலப்பட்டது: இரண்டிலும் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுதி. லூசின் கொடுக்கப்பட்டவர்களின் சிறுநீரில் நிகோட்டினிக் அமிலத்தின் வளர்சிதை எச்சங்கள் கூடுதலாக வெளியேறின. இம்முடிவுகள் 1960இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஒரு சத்தின் குறைவு மட்டுமல்ல, இன்னொன்றின் மிகையும் வைட்டமின் குறைபாட்டுக்கு வழிவகுக்கலாம் என்பதே இதன் துணிவான கருத்து.

பவானி பெலவாடி முதலிய ஆய்வாளர்கள் உடனிருக்க, நாய்களிலும் சோதனை தொடர்ந்தது. லூசின் மிகுந்த உணவு அவற்றுக்குக் கருநாக்கு நோயை வரவழைத்ததாக 1969இல் அறிவித்தனர். ஐசோலூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இவ்விளைவைத் தணிக்கிறது என்பதைக் கமலா கிருஷ்ணசுவாமியும் கோபாலனும் 1971இல் எழுதினர். லூசின் குறைந்த சோள ரகங்களைத் தேடும் முயற்சிக்கும் இது வித்திட்டது. பயிரைத் தேர்ந்தெடுத்தே ஏழையின் நோயைத் தடுக்கலாம் என்ற அந்த நோக்கம் பெரிது.

லூசின் விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. வேறு ஆய்வுக்கூடங்களில் நாய்ச் சோதனை அதே விளைவைத் தரவில்லை. மனிதரிடமும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆயினும், எலிகளில் டிரிப்டோபான் நியாசினாக மாறுவதை லூசின் தடுப்பதாகக் காட்டிய பிரிட்டன் ஆய்வுகள் இதற்கு ஓரளவு ஆதரவளித்தன. மிகை லூசின் தனித்து நோயை உண்டாக்குவதைவிட, டிரிப்டோபானும் பி6 வைட்டமினும் குறைந்த உணவில் அதைத் தூண்டும் துணைக்காரணியாகவே இன்று பெரிதும் கருதப்படுகிறது.