உறையைத் தூக்கி எறியாதீர்



சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம், என் தந்தையாருக்கு வந்த பழைய வாழ்த்து அட்டைகளை ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு எடுத்துச் சென்றிருந்தேன். குத்துவிளக்கும் கோலமும் பொன்னிற எழுத்துகளும் கொண்ட அட்டைகளை மாணவர்கள் ஆர்வத்துடன் பார்த்துக் கொண்டிருந்தனர். ஒரு மாணவி மட்டும் ஓர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், உங்க அப்பா வீட்டுக்கு நம்பரே இல்லையா?" என்று கேட்டாள்.

உண்மைதான். அவ்வுறையில் தந்தையாரின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பட்டணத்தின் பெயர் ஆகியவை மட்டுமே இருந்தன. எங்கள் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வந்ததில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கு வரும். கிராணியார் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார். அத்தோட்டம் இன்று இல்லை. அவ்விடத்தில் வீடமைப்புப் பகுதி எழும்பிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தாள்கள் இத்தகைய சில உறைகளே.

வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கமே அஞ்சல் கட்டணம் மலிந்ததால் தழைத்த ஒன்று. இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு, தூரத்தைப் பொருட்படுத்தாத ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அச்சீர்திருத்தத்திற்குத் துணைநின்ற ஹென்றி கோல், 1843-இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரையச் செய்து, ஏறத்தாழ 1000 படிகள் அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். (அக்காலத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை.) நம் நாட்டிலோ நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என எல்லாப் பண்டிகைகளுக்கும் அட்டைகள் பறந்தன. சாதாரணக் கடிதக் கட்டணம் 2010 ஜூலையில் 30 காசிலிருந்து 60 காசாக உயர்ந்தபோது, குறுஞ்செய்தி ஏற்கனவே அட்டையின் இடத்தைப் பிடித்திருந்தது.

உறையில் முகவரி மட்டுமா உள்ளது? முத்திரையில் தேதி அழிந்திருந்தாலும் அஞ்சல்தலை காலத்தைக் காட்டிக் கொடுக்கும். நம் மாநில அஞ்சல்தலைகளில் 1965-இல் ஆர்க்கிட் மலர்கள், 1971-இல் வண்ணத்துப்பூச்சிகள், 1979-இல் பூக்கள், 1986-இல் விளைபொருள்கள் இடம்பெற்றன. வண்ணத்துப்பூச்சித் தலை ஒட்டிய உறை 1971-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. இதை மாணவர்களே கண்டறிந்தபோது வகுப்பில் எழுந்த ஆரவாரம் பக்கத்து வகுப்பு வரை கேட்டது! 1986-ஆம் ஆண்டு வரிசையில் ரப்பர் 15 காசிலும் செம்பனை 20 காசிலும் இருந்தன. பால்மரம் வெட்டிய என் தந்தையார் அதைக் கவனித்தாரா என்று இன்று கேட்க இயலவில்லை.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், பசை பூசிய பக்கங்களைக் கொண்ட ஆல்பம் ஒன்றை வாங்கி, அழகான அட்டைகளையெல்லாம் அதில் ஒட்டினேன். அவற்றின் உறைகளைக் குப்பையில் போட்டேன். இன்று அப்பசை பழுப்பேறி இறுகிவிட்டது. அட்டையைப் பெயர்த்தால் பின்புறத்துக் கையெழுத்தும் சேர்ந்து கிழிகிறது. ஆகவே பெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். என் அறிவீனத்தால் தப்பியவை, அழகில்லை என்று நான் ஒதுக்கிய அட்டைகளே.

இப்போது ஒவ்வோர் அட்டையையும் அதன் உறையோடு, அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறேன். நம் நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் எளிதில் வந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுவது நலம். ரப்பர் வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடிக்கும். செலோடேப் கறை போகவே போகாது. குறிப்பு எழுத வேண்டுமாயின் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். இருபுறமும் ஸ்கேன் செய்து வையுங்கள், உறையையும் சேர்த்து.

மறுவாரம் அம்மாணவி தன் பாட்டியிடமிருந்து ஏழு அட்டைகளைக் கொண்டு வந்தாள். உறைகள் எங்கே என்று கேட்டேன். "இருக்கு டீச்சர், பாட்டி அதுல சீட்டுக் கணக்கு எழுதி வச்சிருக்காங்க" என்றாள். அந்தக் கணக்கோடு அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.