ஆயாக் கொட்டகை முதல் அடுக்குமாடி வரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் குழந்தை வளர்ப்பின் வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டே, தமிழ்த் தாயின் முன் ஒரு வினா நின்றுவந்துள்ளது. பொழுது புலருமுன் வேலைக்குச் செல்லும் அவள், தன் கைக்குழந்தையை யாரிடம் ஒப்படைத்துச் செல்வது? இவ்வினாவிற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை கண்டது. அவ்விடைகளின் வரிசையே இம்மண்ணில் தமிழ்க் குடும்பத்தின் வரலாறு எனலாம்.

தொடக்கத்தில் குடும்பம் என்பதே அரிய பொருளாய் இருந்தது. கங்காணிகள் பெரும்பாலும் இளம் ஆடவரையே திரட்டி வந்தனர். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புவதே அவர்தம் எண்ணம். மலாயா இந்தியருள் 1911ஆம் ஆண்டில் ஆயிரம் ஆடவருக்கு 308 பெண்டிரே இருந்தனர். 1931இல் அத்தொகை 482ஆக உயர்ந்தது. பாட்டியும் அத்தையும் சித்தியும் கடலுக்கு அப்பால் இருக்க, லயத்து அறையில் தாய் தனித்தே பிள்ளை பெற்றாள், தனித்தே வளர்த்தாள்.

பிறந்த குழந்தையைப் பிழைக்க வைப்பதே அந்நாளில் பெரும்பாடு. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடியது. 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து நகரில் நோயைப் பெரிதும் குறைத்தார். பின்னர்ச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தைக் கண்டறிந்து, எத்தோட்டத்தில் நோய் மிகுதி எனக் கணக்கிட்டார். தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்றாம்.

1938இல் இந்திய அரசு, மலாயாவுக்குத் தொழிலாளரை உதவித்தொகை கொடுத்து அனுப்பும் முறையை நிறுத்தியது. அதன்பின் வந்து போவோர் தொகை சுருங்கியது, குடும்பங்கள் நிலைபெறலாயின. 1957ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஆயிரம் ஆடவருக்கு 746 பெண்டிர் இருந்தமை இம்மாற்றத்தைக் காட்டும்.

இக்குடும்பங்களைத் தாங்கி நின்றது ஆயாக் கொட்டகை. விடியற்காலைப் பிரட்டுக்கு விரையும் பெண்கள், உறக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் சாய்த்து வந்து அங்கு விட்டுச் செல்வர். வரிசையாய்த் தொங்கும் துணித் தூளிகளை ஆட்டியபடி, மரம் சீவும் வலுவிழந்த மூதாட்டி ஒருவர் அத்தனை பிள்ளைகளுக்கும் காவலிருப்பார். நிருவாகம் இதனை அமைத்தது, பெண்களின் உழைப்பு தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்னும் கணக்கினாலேயே. வசதிகளும் குறைவுதான். ஆயினும் உறவினரற்ற இடத்தில் அந்த ஆயாவே ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் பாட்டியாய் விளங்கினார்.

தூளியை விட்டு இறங்கிய பிள்ளையின் கதை வேறு. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பிள்ளைகளின் காலம் முழுவதும் பள்ளிக்கு உரியதாக இல்லை. மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் உருவவும் பெற்றோருக்கு அவர்களின் கைகள் தேவைப்பட்டன. வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. தாயின் உழைப்புக்கு விலையாகத் தன் கல்வியை ஈந்த அக்கையரின் தியாகம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இந்நிலையைப் பெற்றோர் வாய்மூடி ஏற்றனர் என்று கருதுதல் பிழை. 1941இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பும், கள்ளுக்கடை ஒழிப்பும் கோரிக்கைகளாய் இடம்பெற்றன. இவை குடும்பத்தைக் காக்க எழுந்த கோரிக்கைகளேயாம். அப்போராட்டம் படைவலியால் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிர்நீத்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில், சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தையை இழந்த குடும்பங்கள் தோட்டந்தோறும் தவித்தன. போருக்குப் பின், 1949இல் சுவாமி சத்தியானந்தர் தோற்றுவித்த சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. 2023இல் மறைந்த அன்னை மங்களம் தம் வாழ்வையே அவ்வில்லத்திற்கு ஈந்தார். தோட்ட நிருவாகத்தின் கணக்குக்காக அன்றி, அறத்தின் பொருட்டே சமுதாயம் தானே ஏற்ற குழந்தைப் பணி அது.

நகர்ப்புறத்து நிலை சற்று மாறுபட்டது. பிரிக்பீல்ட்சில் ரயில்வே ஊழியரின் குடியிருப்புகள் நெருங்கி நின்றன. 1904இல் அங்கு எழுந்த விவேகானந்த ஆசிரமமும், 1914இல் தொடங்கிய விவேகானந்தா தமிழ்ப்பள்ளியும் பிள்ளைகளின் கல்விக்கு வழிகோலின. கிள்ளானில் ஆயாவின் தூளி வளர்த்தது போல, இங்கே அண்டை வீட்டாரின் கண்காணிப்பும் பள்ளியின் ஒழுங்கும் பிள்ளைகளை வளர்த்தன.

பின்னர்த் தோட்டங்களே மறையத் தொடங்கின. சீபீல்டு தோட்ட நிலத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா நகர் எழுந்தமை ஓர் எடுத்துக்காட்டு. லயம் கலைந்தபோது வேலையோடு வீடும், வீட்டோடு ஆயாக் கொட்டகையும், பள்ளியும் கோயிலும் சூழ்ந்த வாழ்வும் கலைந்தன. மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிய தாய் தொழிற்சாலை வேலைக்குச் சென்றாள்; அவள் அண்டை வீட்டாரின் பெயரையும் அறியாள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பேணும் நிலையங்களை 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் நெறிப்படுத்தியது. ஆனால் கட்டணம் செலுத்த இயலாத் தாய்க்குச் சட்டம் மட்டும் துணையாகாது. பள்ளி விட்டு வந்து, பூட்டிய வீட்டில் மாலைவரை தனித்திருக்கும் சிறுவனுக்கு அச்சட்டத்தில் இடமும் இல்லை.

தோட்டத் தமிழரின் குடும்பத்தையும் உறவுமுறையையும் ஆராய்ந்து ரவீந்திர கே. ஜெயின் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. அத்தகைய ஆய்வுகள் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு: தோட்டத்தில் குடும்பம் தனித்து நின்றதில்லை, தொழிலும் குடியிருப்பும் கோயிலும் ஒன்றாய்ப் பிணைந்த சூழலிலேயே அது வாழ்ந்தது. அப்பிணைப்பு அறுந்தபின், தாயை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது.

அச்சூழலில் எஞ்சி நிற்பது கோயில் ஒன்றே. திருவிழா நாட்களில் ஆயிரம் பேருக்கு அன்னமிடும் மண்டபங்கள், ஏனைய நாட்களின் பிற்பகல்களில் வெறுமையாய்க் கிடக்கின்றன. ஒரு மூதாட்டியும் சில தூளிகளும் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளைக் காத்த வரலாறு நம்முன் உள்ளது. பிற்பகலில் சிறுவர் வந்தமர்ந்து பாடம் படிக்க ஒரு மண்டபமும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் அமைந்தால், தாயின் அப்பழைய வினாவிற்கு இத்தலைமுறையும் ஒரு விடை கண்டதாகும். அதற்கு ஆவன செய்தல் நம் கடமையன்றோ!