அழையாத மடலின் நூற்றறுபது ஆண்டுகள்

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத்துறையில் இருப்பவன் என்பதால் எனது மின்னஞ்சற் பெட்டிக்கு வந்து சேருகின்ற மடல்களில் பெரும்பாலானவை நான் கேளாமலே வருபவை. அவற்றை வாசியாமலே அழித்துவிடுவது என் காலைக் கடமைகளில் ஒன்று. ஆனால், சென்ற வருடம் அத்தகைய மடல் ஒன்றை நானே எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைமை ஏற்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கையின் மகன் பனம்பொருட்களைப் பொதி செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் சிறு தொழிலொன்றை நடத்தி வருகிறான். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி என்பவைதான் அவனது சரக்கு. ஏழு பெண்கள் அவனிடம் வேலை செய்கிறார்கள். ரொறன்ரோவில் ஒரேயொரு மொத்த வியாபாரியை நம்பியே அந்த ஏழு குடும்பங்களின் அடுப்பும் எரிந்தது. "மாமா, உங்களுக்குத்தான் எழுத்து வரும். ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்" என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் இந்த 'மெஷின்' எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முன்பின் அறியாதவரின் வீட்டுக் கதவை மின்கம்பியின் வழியாகத் தட்டும் வழக்கம் கணினிக்கு மிகவும் முந்தியது. 1864 ஆம் ஆண்டில் இலண்டன் அரசியல்வாதிகள் சிலருக்கு ஒருநாள் இரவு தந்தி வந்தது. அக்காலத்தில் இரவில் தந்தி வந்தால் மரணச் செய்தி, அல்லது அரசாங்கம் கவிழ்ந்த செய்தி என்றே எவரும் நினைப்பர். பதறிப்போய்ப் பிரித்துப் பார்த்தால், ஹார்லி வீதிப் பல் வைத்தியர்கள் தங்கள் வைத்தியசாலை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பெற்றவர்களில் ஒருவர் 'த டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தமது கோபத்தைத் தீர்த்துக்கொண்டார். வாசகர் கடிதப் பகுதியைப் பல வருடங்கள் கவனித்தவன் என்ற வகையில் அந்தக் கோபத்தின் தொனி எனக்கு நன்கு பரிச்சயமானது.

அதற்குப் பின்னர் முகவரிகளை அச்சிடும் அட்ரசோகிராஃப் இயந்திரம் 1890 களில் வந்தது. ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பலமுறை தட்டச்சுச் செய்யவல்ல காந்த நாடாத் தட்டச்சுப்பொறியை ஐபிஎம் கம்பனி 1964 இல் கொண்டுவந்தது. எனினும் இவற்றுக்கெல்லாம் கடிதமொன்றுக்கு ஒரு முத்திரையை அனுப்புபவரே வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. இந்த முத்திரைச் செலவுதான் நூறு வருடங்களாக எங்கள் தபாற்பெட்டிகளைக் காத்து நின்ற காவற்காரன் என்று சொல்வேன்.

அந்தக் காவல் உடைந்தது 1978 மே மாதத்தில். டிஜிட்டல் எக்குயிப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பனிக்குக் கிழக்குக் கரையிலுள்ள மசசூசெட்ஸில் நல்ல பெயர் இருந்தது. மேற்குக் கரையில் அவ்வளவாக இல்லை. தனது புதிய டெக்சிஸ்டம்-20 கணினிகளை லொஸ் ஏஞ்சலிஸிலும் சான் மட்டேயோவிலும் காட்சிப்படுத்த அக்கம்பனி ஏற்பாடு செய்தது. கரி துர்க் என்ற விற்பனை அலுவலர், ஒவ்வொருவராக அழைப்பு விடுப்பதற்குப் பதிலாக ஆர்ப்பாநெட் வலையமைப்பின் அச்சிடப்பட்ட விலாசப் புத்தகத்தை எடுத்தார். மேற்குக் கரையிலிருந்தவர்களின் முகவரிகளைக் குறித்து, ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலை அனுப்புமாறு தமது சக ஊழியரிடம் கொடுத்தார்.

அந்த 400 முகவரிகளும் கையினால் ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்யப்பட்டவை என்பதை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. அக்கால மின்னஞ்சல் மென்பொருள் அவ்வளவு நீண்ட பட்டியலை எதிர்பார்த்திருக்கவில்லை. பெறுநர் பகுதி நிரம்பி வழிந்து, மிஞ்சிய முகவரிகள் மடலின் உடலுக்குள்ளேயே இறங்கிவிட்டன. பெற்றவர்கள் முதலில் ஊர் விலாசத்தையெல்லாம் வாசித்து முடித்த பின்னரே விளம்பரத்துக்கு வரவேண்டியிருந்தது.

ஆர்ப்பாநெட் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சொத்து. அரசாங்க அலுவல்களுக்கு அன்றி வேறெதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இராணுவ மேஜர் ஒருவர் இச்செயல் வெளிப்படையான விதிமீறல் என்று கண்டித்து அறிவித்தல் விடுத்தார். துர்க் மறுபடி அவ்வாறு செய்யவில்லை. ஆனால் அந்த ஒரு மடலினால் பல மில்லியன் டொலர் வியாபாரம் கிடைத்ததாக அவர் பிற்காலப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பதின்மூன்று, பதினான்கு மில்லியன் என்பது அவர் சொன்ன கணக்கு. விற்பனைக்காரரின் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், கண்டனமும் காசும் ஒரே மடலுக்குப் பதிலாக வந்தன என்பது உண்மை.

இவ்வாறு நேரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். இணையத்தின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவரான ஜொன் போஸ்டல், வேண்டாத மடல் என்ற பிரச்சினை பற்றி 1975 நவம்பரிலேயே ஒரு குறிப்பு எழுதினார். வருகின்ற செய்திகளில் விரும்பியதை ஏற்று விரும்பாததை மறுக்கும் வசதி எந்தக் கணினிக்கும் இல்லை என்பதே அதன் சாரம். எழுதியது ஒரு பக்கமளவுதான். அப்போது அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை.

அடுத்த திருப்பம் 1994 ஏப்ரல் 12. அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த சட்டத்தரணித் தம்பதியரான லோரன்ஸ் கன்ரரும் மார்தா சீகலும், கிறீன் கார்ட் சீட்டிழுப்புக்கு விண்ணப்பிக்க உதவுவதாக யூஸ்நெட் கலந்துரையாடற் குழுக்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் விளம்பரம் செய்தனர். இம்முறை கை வேலை இல்லை. கூலிக்கு அமர்த்தப்பட்டவர் எழுதிய சிறு நிரலொன்று இரவோடிரவாகக் காரியத்தை முடித்துவிட்டது. அந்தச் சீட்டிழுப்புக்குச் சட்டத்தரணி எவரும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. (எமது கொழும்பிலும் அவ்விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துப் பணம் பார்த்த கடைகள் இருந்தன. அவர்கள் குறைந்தபட்சம் நாங்களாகத் தேடிப்போகும் வரை காத்திருந்தார்கள்.) ஆத்திரமடைந்தவர்கள் அனுப்பிய கண்டன மடல்களின் பாரம் தாங்காமல் தம்பதியருக்கு இணைய வசதி வழங்கிய கம்பனியின் கணினிகள் திரும்பத் திரும்பச் செயலிழந்தன. அவர்களுடைய விளம்பரங்களைத் தேடித் தேடி அழிக்கும் நிரலொன்றை நோர்வே நாட்டவர் ஒருவர் எழுதினார். தம்பதியரோ வருந்தவில்லை. இவ்வழியில் பெரும்பணம் சம்பாதிப்பது எப்படி என்று ஒரு புத்தகமே வெளியிட்டனர். 1997 இல் டெனசி மாநிலம் கன்ரரின் சட்டத்தொழில் உரிமத்தைப் பறித்தபோது இந்த விளம்பரமும் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

பின்னர் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். மருந்து விளம்பரங்களும் இல்லாத இளவரசர்களின் கோடிகளும் எங்கள் பெட்டிகளை நிறைத்தன. 2003 டிசம்பரில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட அமெரிக்கச் சட்டம் அழையா மடலைத் தடைசெய்யும் என்று பலர் எதிர்பார்த்தனர். அது தடைசெய்யவில்லை, அனுப்பும் முறைக்கு விதி வகுத்தது. உண்மையான பெயர், ஏமாற்றாத தலைப்பு, தபால் முகவரி, வேண்டாமென்பவரைப் பத்து வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்குதல் ஆகியவை இருந்தால் அனுப்பலாம். 2014 ஜூலையில் அமுலுக்கு வந்த கனேடியச் சட்டம் அதற்கு மாறாக, முதலில் சம்மதம் வேண்டும் என்றது. எனினும், தொழில் தொடர்பாகப் பகிரங்கமாக முகவரியை வெளியிட்டிருப்பவருக்கு அத்தொழிலோடு சம்பந்தப்பட்ட மடலை எழுதலாம் என்று ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. என் மருமகன் நம்பியிருந்தது அந்தக் கதவைத்தான்.

மரியாதையான வியாபாரிகள் இந்தக் கலையைக் கையிலெடுத்தது சேல்ஸ்போர்ஸ் கம்பனியில் பணியாற்றிய ஆரன் ரொஸ் என்பவரின் அனுபவத்திலிருந்து என்று சொல்லலாம். புகழ்ச்சி நிறைந்த நீண்ட மடல்களுக்குப் பதில் வராததைக் கண்ட அவர், நிறுவனமொன்றின் மேலதிகாரிக்கு, "இவ்விடயம் குறித்து உங்கள் நிறுவனத்தில் யாருடன் பேசுவது பொருத்தம்?" என்ற தோரணையில் சில வரிகள் மாத்திரம் எழுதினார். பதில்கள் வந்தன. மனிதர்கள் வழி கேட்பவனை விரட்டுவதில்லை அல்லவா! இதனை அவர் 2011 இல் இன்னொருவருடன் சேர்ந்து புத்தகமாக எழுதினார். அதன் பின் ஒரு தொழிற்றுறையே எழுந்தது. முகவரிகளைத் திரட்டித் தருவோர், பெயரையும் ஊரையும் உரிய இடத்தில் நிரப்பும் மென்பொருள், பதில் வராவிட்டால் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தானாகவே நினைவூட்டும் ஏற்பாடு, மடல் திறக்கப்பட்டதா என்று வேவு பார்க்கும் கண்ணுக்குப் புலனாகாத படத்துளி என்றெல்லாம் வந்தன. 2021 இல் அப்பிள் கம்பனி அப்படத்துளியின் கண்ணைக் கட்டிவிட்டது. இப்போது மடலின் வாசகத்தையே செயற்கை நுண்ணறிவு ஆளுக்கேற்ப எழுதுகின்றது.

ஆனால், மறுபுறத்தில் காவற்காரனும் திரும்பி வந்துவிட்டான். 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்குக் கடும் விதிகளை விதித்தன. ஆயிரம் மடல்களுக்கு மூன்று பேர் குப்பை என்று முறையிட்டாலே அனுப்புபவரின் பெயர் கெட்டுவிடும். இங்கு பெயர் என்பது இணையத் தளப்பெயர். அது கெட்டால் அதிலிருந்து புறப்படும் எந்த மடலும், நல்லது கெட்டது என்ற பேதமின்றி, குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

என் மருமகனுக்கு நேர்ந்தது அதுதான். அவன் மாதச் சந்தா கட்டிய சேவையொன்று கனடா, பிரித்தானியா, பிரான்ஸ் நாடுகளிலுள்ள கடைகளின் முகவரிகள் மூவாயிரம் கொடுத்தது. பட்டியலில் நிரலொன்று இடம் மாறியிருந்ததால், நான் மினக்கெட்டு எழுதிய கடிதம் "அன்புள்ள ஸ்காபரோ அவர்களே" என்று தொடங்கிப் பலரிடம் போய்ச் சேர்ந்தது. பூக்கடைகளுக்கும் போனது, மரணச்சடங்கு நிலையம் ஒன்றுக்கும் போனது. அதையெல்லாம் சிரித்து மறந்துவிடலாம். மூன்றாவது வாரத்தில், பழைய ரொறன்ரோ வியாபாரிக்கு அவன் அனுப்பிய விலைப்பட்டியல் குப்பைக் கூடைக்குள் விழுந்து கிடந்தது. பதில் வராததால் அவர் அந்தப் பருவத்துக் கொள்வனவை வேறிடத்தில் செய்துவிட்டார். ஏழு பெண்களில் மூவரை இரண்டு மாதம் வீட்டில் நிற்கச் சொல்ல வேண்டியதாயிற்று. "கடிதம் நல்லாத்தான் இருந்தது மாமா" என்று அவன் என்னைத் தேற்றினான். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. முன்பின் தெரியாத மூவாயிரம் பேருக்கு ஒரே குரலில் பேசும் கடிதத்தை, அவர்களில் ஒருவரையும் நினையாமல் எழுதியவன் நான்.

புதிய தளப்பெயர் ஒன்றை அவன் பதிவுசெய்திருக்கிறான். இவ்வருடத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து, பனம்பொருள் விற்கும் கடைகள் என்று உறுதியாகத் தெரிந்த இருபத்தாறை மட்டும் தெரிவு செய்தோம். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்து உரிமையாளரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். நாளொன்றுக்கு இரண்டு மடல், அவனே எழுதி அவனே அனுப்பினான். இதுவரை வந்த பதில்கள் நான்கு. இரண்டு, வேண்டாம் என்றன. ஒன்று, ஒடியல் மாவின் விலையைக் கேட்டது. நான்காவது கடைக்காரர் பரிஸில் இருப்பவர். சரக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நீர் எந்த ஊர், யாருடைய மகன் என்று மட்டும் கேட்டிருந்தார்.

அதற்குப் பதில் எழுத என்னிடம் கேட்காமலே எழுதி அனுப்பிவிட்டான்.