ஒரு தொண்டையில் இரண்டு சுரம்

ஓய்வு பெற்ற மறு வருடம் மாதனூரிலிருந்து பதினோரு பேர் ஒரு வேன் பிடித்து மைசூர், குடகு என்று கிளம்பினோம். பைலகுப்பே பொற்கோயிலைப் பார்ப்பதுதான் திட்டம். ஹுன்சூர் பக்கம் குருபுராவில் இன்னொரு திபெத்திய மடம் இருக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் டிரைவர். அது கியூமே மடம். அந்தப் பெயர் அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிரார்த்தனைக் கூடத்தில் துறவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓத ஆரம்பித்ததும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வெளியே ஏதோ லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். நெடுஞ்சாலை ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்! அவ்வளவு கீழ்க்குரல். சற்று நேரத்தில் அந்த உறுமலுக்கு மேலே மெல்லிசாக இன்னொரு சுரம் மிதந்தது. பாடுவது யார் என்று முகம் முகமாகத் தேடினேன். தனியாக யாரும் பாடவில்லை. ஒவ்வொரு தொண்டையிலிருந்தும் இரண்டு சுரம் வந்துகொண்டிருந்தது.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் ஒருவர், மார்கழி பஜனையில் மோர்சிங் வாசிப்பவர். எல்லோருக்கும் அண்ணன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: "தம்பி, நான் இரும்பை வெச்சிக்கிட்டு செய்யறதை இவங்க வெறும் தொண்டையிலயே செய்யறாங்கப்பா."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் அவர் சொன்னது அத்தனையும் சரி என்று புரிந்தது. மோர்சிங்கின் நடுக்கம்பி தருவது ஒரே ஆதார சுரம். ஆனால் எந்த ஒலியிலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் மறைந்திருக்கும். வாயைக் குவித்தும் விரித்தும் நாக்கை நகர்த்தியும் அதில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டுகிறார் வாசிப்பவர். தம்பூராவின் மந்தர சட்ஜத்தை மீட்டினால் யாரும் தொடாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கிறதே, அதுவும் இந்த வகைதான். ஆதார சுரத்தின் ஐந்து மடங்கு அது.

1964-ல் ஹூஸ்டன் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர், திபெத்திலிருந்து வந்த கியூட்டோ மடத்துத் துறவிகள் ஓதுவதை வட இந்தியாவில் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அதை ஒலியியல் அறிஞர்களிடம் கொடுத்தார். 1967-ல் கட்டுரை வெளிவந்தது. அந்தத் துறவிகள் முக்கியமாகத் தூக்கிக் காட்டுவது ஐந்தாவது மடங்கை. அதாவது நம் தம்பூராவின் அதே காந்தாரம்!

கியூமே 1433-லும் கியூட்டோ 1474-லும் திபெத்தில் தொடங்கிய மடங்கள். 1959-ல் மலை தாண்டித் தப்பி வந்தவர்கள் மிகச் சிலரே. இது ஏட்டில் எழுதிவைத்துக் கற்கும் வித்தை இல்லை. மூத்தவர் வாயைப் பார்த்து இளையவர் வருஷக்கணக்கில் பழக வேண்டும். அந்தச் சிலரும் பனியில் விழுந்திருந்தால் ஐந்நூறு வருஷத்துக் குரல் அங்கேயே முடிந்திருக்கும்.

மங்கோலியாவில் நடந்தது வேறு. 1930-களின் கடைசியில் அங்கே மடங்களை இடித்தார்கள், ஆயிரக்கணக்கான துறவிகளைக் கொன்றார்கள். ஆனால் அந்நாட்டின் 'கூமி' என்ற தொண்டைப் பாட்டு பிழைத்தது. காரணம், அது மடத்துச் சொத்து இல்லை, மேய்ச்சல்காரர்களுடையது. ஆற்றின் சத்தத்தையும் காற்றையும் பறவையையும் குரலில் கொண்டுவருவார்கள். துறவிகளின் குரல் கனம். இவர்கள் அடியில் ஒரு சுரத்தை நிறுத்திவைத்து, மேலே விசில் போல ஒரு மெட்டையே நடத்திவிடுவார்கள். அண்ணனின் மோர்சிங்குக்கு இதுதான் இன்னும் நெருங்கிய உறவு. மோர்சிங் ஜாதி வாத்தியமும் அவர்களிடம் உண்டு, 'அமன் கூர்' என்று பெயர். 2010-ல் மங்கோலியக் கூமியை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அவர்கள் மேடையில் கூடவே வாசிக்கும் குதிரைத்தலை பிடிலுக்கு 'மோரின் கூர்' என்று பெயர். (மோரின் என்றால் குதிரை. மோர்சிங்கோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், நம் ஆட்கள் போடுவார்கள்.) குதிரை வால் முடியில் இரண்டு தந்தி. பழைய பிடிலின் முகம் ஆட்டுத்தோல் அல்லது ஒட்டகக்குட்டித் தோல். போன நூற்றாண்டின் பிற்பாதியில் கச்சேரி மண்டபங்களுக்காக அதை மரப்பலகையாக்கிவிட்டார்கள். தோல் ஈரத்தில் தளரும், சுரம் இறங்கும். ஆம்பூர் தோல் ஷாப்பில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். இப்போது அதற்கும் ஃபைபர் வந்துவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழையிலும் அடிக்கலாம். ஆனாலும் அந்தச் சத்தம் என் காதுக்கு ஒட்டவில்லை.

அண்ணன் போய் நான்கு வருஷம் ஆகிறது. மோர்சிங் கற்றுக்கொள்ள ஒருவரும் அவரிடம் வரவில்லை; பஜனையில் இப்போது கீபோர்டு. போன மார்கழியில் அவர் பேரன் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து, "தாத்தா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்றான். உள்ளே மோர்சிங், சுருதி சேர்க்க அவர் ஒட்டும் தேன்மெழுகு ஒரு உருண்டை. பல்லில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். டொய்ங் என்று ஒரே ஒரு சுரம்தான் வந்தது.