அல்பபகுத்துவமும் மகாவீராசாரியரின் கணிதமும்

தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில், உயிர் முதலிய தத்துவங்களை ஆராய்ந்தறிவதற்குரிய எட்டு வாயில்களை உமாசுவாமி ஆசாரியர் அடுக்கிச் சொல்கிறார். உண்மை, எண்ணிக்கை, இடம் எனத் தொடரும் அவ்வரிசையில் இறுதியாக நிற்பது அல்பபகுத்துவம். எது குறைவு, எது மிகுதி என்று ஒப்பிட்டறிதலே அதன் பொருள். சித்தர்களைப் பற்றிய ஆராய்ச்சியைக் கூறும் நூலின் கடைசிச் சூத்திரமும் இதே சொல்லோடுதான் முடிகிறது. தசலட்சண நாள்களில் நாளுக்கோர் அத்தியாயமாக ஓதக் கேட்பவர்களுக்கு இது பழகிய சொல். எனினும் இது கணிதத்தின் சொல்லுமாகும் என்பதை நினைப்பவர் சிலரே.

பள்ளிப் பிள்ளைகள் இன்று 'அசமன்பாடு' என்று படிப்பது இந்த ஒப்பீட்டைத்தான். 3(க − 4) < 2க + 5 என்று கணக்குக் கொடுத்தால், வெளியிலுள்ள 3 அடைப்புக்குள் இருக்கும் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. 3க − 12 < 2க + 5 என்றாகிறது. பிறகு இனமானவற்றை ஒருபுறம் சேர்க்க, க என்பது 17ஐவிடக் குறைவு என்று தெளிகிறது. இவ்வாறு பங்கிடுவதே பங்கீட்டுப் பண்பு. குறையெண்ணால் பெருக்கும்போது மட்டும் விழிப்பு வேண்டும். 2 என்பது 5ஐவிடச் சிறியது. ஆனால் −2 என்பது −5ஐவிடப் பெரியது. சிறுமையும் பெருமையும் அங்கே இடம் மாறிவிடுகின்றன.

இவை யாவும் நம்முடைய முன்னோர் கண்டவையே என்று விழா மேடைகளில் முழங்குவது எளிது, அது உண்மையன்று. <, > என்னும் குறிகள் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1631இல் வெளிவந்த நூலில் அமைந்தவை. பங்கீட்டுப் பண்புக்குரிய ஐரோப்பியப் பெயரை 1814இல் இட்டவர் பிரான்சின் செர்வோயிஸ். பெயர்தான் பிந்தியது; செயல் மிகப் பழையது. பெருக்கும் எண்ணைக் கூறுகளாக்கி, தனித்தனியே பெருக்கிக் கூட்டும் முறையை 628இல் பிரம்மகுப்தர் தம் நூலில் கூறியிருக்கிறார். அவர் சமணர் அல்லர். ஆயினும் முழக்கத்துக்கு நேர்மாறான மறதியும் பிழையே. இத்துறையில் சமணர்க்குரிய பங்கு சிறிதன்று.

கி.பி. 850ஐ ஒட்டி, இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சியில் வாழ்ந்தவர் மகாவீராசாரியர். தமிழ்ச் சமணர் போற்றும் ஸ்ரீபுராணத்துக்கு மூலமான மகாபுராணத்தைத் தொடங்கிய ஜினசேனரும் அம்மன்னன் காலத்தவரே. மகாவீராசாரியர் இயற்றிய 'கணித சார சங்கிரகம்' ஒன்பது அத்தியாயங்கள் கொண்டது. அதில் வர்க்கம் காண அவர் கூறும் வழிகளுள் ஒன்று மிக அழகியது: எண்ணோடு விரும்பிய ஓர் எண்ணைக் கூட்டியும் கழித்தும் வரும் இரண்டையும் பெருக்கி, விரும்பிய எண்ணின் வர்க்கத்தை அதனோடு சேர்க்க வேண்டும். 97இன் வர்க்கம் வேண்டுமா? 3ஐக் கொள்க. 100ஐ 94ஆல் பெருக்க 9400. 3இன் வர்க்கம் 9. ஆக, 9409. மனக்கணக்காகவே முடிந்துவிடுகிறது. இவ்விதி ஏன் பிழைபடுவதில்லை என்று காண, இரண்டு அடைப்புகளையும் பங்கீட்டுப் பண்பால் விரித்தாலே போதும்.

குறையெண் இயல்பாகவே வர்க்கம் ஆகாது, ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்பதும் அவர் வகுத்த விதி. இவ்விரு விதிகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் அசமன்பாடு தானே தோன்றும். ஆசாரியர் அதனை அவ்வடிவில் சொல்லவில்லை. சேர்க்கப்படும் வர்க்கம் ஒருபோதும் குறையெண்ணாகாது. எனவே கூட்டியும் கழித்தும் பெருக்கியது, மூல எண்ணின் வர்க்கத்தை ஒருபோதும் விஞ்சாது. நிலத்தில் வைத்துச் சொன்னால், 97 அடிச் சதுர மனைக்கும், 100 அடி நீளமும் 94 அடி அகலமும் உள்ள மனைக்கும் வேலியின் நீளம் 388 அடிதான். ஆனால் சதுர மனையில் 9 சதுர அடி மிகுதி. வேலி ஒன்றாயிருக்கப் பரப்பில் அல்பம் எது, பகுத்துவம் எது என்பது இங்கே விளங்கிவிடுகிறது.

சுழியத்தால் வகுத்தால் எண் மாறாது என்றும் அவர் எழுதினார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. ஆசாரியர் என்பதற்காக அதனை மறைக்க வேண்டியதில்லை; நற்காட்சி உடையோர்க்கு அது தகுதியுமன்று.

இந்நூல் அச்சேறியது சென்னையில்தான். மாநிலக் கல்லூரிப் பேராசிரியரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகக் காப்பாளருமான எம். ரங்காசாரியார், கல்வித்துறை இயக்குநர் ஜி. எச். ஸ்டூவர்ட் கேட்டுக்கொண்டபடி தேடியபோது, அந்நூலகத்தில் மூன்று குறைப்பிரதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கிரந்த எழுத்தில் அமைந்தது. முதல் ஐந்து அத்தியாயங்களே அதில் இருந்தன. மைசூரிலிருந்தும் மூடபித்ரியின் சமணச் சுவடிகளிலிருந்தும் மேலும் பிரதிகள் வந்து சேர்ந்த பின்னரே நூல் முழுமை பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசு அச்சகம் அதனை வெளியிட்டது.