பூட்டைக் கழற்றிய கதை

எங்கள் ஊத்துக்குளிப் பக்கம் நூல் என்றால் பனியன் நூல்தான். கணினிக்காரர்களுக்கும் ஒரு நூல் உண்டு. ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளை ‘த்ரெட்’ என்கிறார்கள்.

2005-இல் மேசைக் கணினிகளுக்கு இரண்டு கோர் கொண்ட சில்லுகள் வந்தன. ஆனால் ஓகேமல் மொழியில் எத்தனை த்ரெட் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அலுவலகத்தில் பத்து எழுத்தர்கள், முத்திரை ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலை நடக்கும். அப்படி ஒரு பூட்டு. பைத்தானிலும் இதே கதைதான்.

ஓகேமல் 1996-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. (புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்.) பூட்டைக் கழற்றும் வேலை கேம்பிரிட்ஜில் தொடங்கி, 2014-இல் வெளியே சொல்லப்பட்டது. அதைப் பின்னர் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடி பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன்.

சிக்கல் குப்பை கூட்டுவதில் இருந்தது. வேண்டாத நினைவகத்தை மொழியே கூட்டி எடுக்கும். ஒருவர் கையில் வைத்திருக்கும் தாளை இன்னொருவர் குப்பை என்று எறிந்துவிட்டால்? அதற்குக் காவல் போட்டால், ஒரே கோரில் ஓடும் பழைய நிரல்களும் மெதுவாகிவிடும். அவை லட்சக்கணக்கான வரிகள்!

இரண்டு வழிகளைச் செய்து பார்த்தார்கள். அவரவர் குப்பையை அவரவரே தனியாகக் கூட்டுவது ஒன்று. எல்லாரும் ஒரு கணம் வேலையை நிறுத்திச் சேர்ந்து கூட்டுவது மற்றொன்று. முதலாவதுதான் வேகம் என்று நினைப்போம். 2020-இல் வந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் அளவீட்டில் இரண்டாவது பின்தங்கவில்லை. சி மொழியில் எழுதிய பழைய இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளிவந்தது. எட்டு வருஷத்துக்கு மேல். பழையதை உடைக்காமல் செய்ததற்கு அது அதிகமில்லை என்பேன். பைத்தான், பூட்டில்லாத பதிப்பைச் சோதனைக்கென்று தந்ததே 2024 அக்டோபரில்தான்.